முப்பத்தெட்டு மிதவைகள்

பிப்ரவரி 9, திங்கள்

என் கணவர் நாதனுக்கு அம்மை. காலையில் முதுகில் நான்கு கொப்புளம் என்று ஆரம்பித்தது, மதியத்துக்குள் எண்ண முடியாமல் போய்விட்டது. எனக்குப் பத்து வயதிலேயே வந்து போனதால் பயமில்லை. ஆனால் அலுவலகத்தில் பக்கத்து மேசை வசுமதி ஆறு மாதக் கர்ப்பிணி. இரண்டு வாரம் வீட்டிலிருந்தே வேலை பார் என்று சாம்பமூர்த்தி சார் சொல்லிவிட்டார். கீழே இஸ்திரி போடுகிறவர் எங்கிருந்தோ ஒரு கட்டு வேப்பிலை கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் செருகினேன்.

நான்கு மணிக்கு வேலை வந்தது. குமரிக்கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போன விசைப்படகு, பெயர் ‘மரிய சுடர்’. ஏழு பேர். ஐந்தாம் தேதி மதியம் இன்ஜின் நின்றுவிட்டதாக இன்னொரு படகுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு பேச்சில்லை. கடைசியாக இருந்த இடம், காற்று, நீரோட்டம் மூன்றையும் எங்கள் மென்பொருளில் கொடுத்தேன். படகு இன்று எங்கே இருக்கக்கூடும் என்று அது கடல் படத்தில் ஒரு கட்டம் போட்டுத் தந்தது. கப்பலையும் விமானத்தையும் ஏவுகிற தேடல் அறைக்கு அனுப்பிவைத்தேன்.

நாளாக ஆக அந்தக் கட்டம் எவ்வளவு வேகமாக விரியும் என்பதற்கு மென்பொருளில் ஓர் எண் இருக்கிறது. அது என்னுடையது. எட்டு ஆண்டுகளுக்கு முன் முனைவர் பட்டத்துக்காக முப்பத்தெட்டு மிதவைகளைக் கடலில் விட்டுப் பின்தொடர்ந்து கண்டுபிடித்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் பெருமையாக இருக்கும். இன்றும் இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

விமானம் போனது. எதுவும் தென்படவில்லை. இளநீர் நான்கு, கேழ்வரகு மாவு அரைக் கிலோ.

பிப்ரவரி 11, புதன்

நாதனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“மேடம், மேப்பு போடுறது நீங்களாக்குமா?”

“யாரு பேசுறீங்க?”

“நான் ஜெனோபா. மரிய சுடர் ஓட்டிட்டுப் போன சேசடிமைக்க பொஞ்சாதி. மீன்துறை ஆபீஸ்ல உங்க நம்பர் தந்தாவ. அவிய எங்க இருக்காவன்னு உங்களுக்குத்தான் தெரியுமாம்.”

“தேடிக்கிட்டிருக்காங்கம்மா. நான் கணக்கு மட்டுந்தான் போடுறேன்.”

“செரி. கணக்குல அவிய எங்க இருக்காவ?”

மேற்கே, இன்ஜின் நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கலாம் என்றேன். “நூறு கிலோமீட்டரு” என்று அந்த அம்மா திரும்பச் சொன்னார். பிறகு, “நாளைக்கும் விளிக்கலாமா மேடம்?” என்று கேட்டார். கூடாது என்று எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 13, வெள்ளி

கட்டம் தினமும் பெரிதாகிறது. தேடல் அறையின் அதிகாரி தாமோதரன் பேசினார். சத்தம் போடுகிற ஆளில்லை. “மேடம், இன்னைக்கு நீங்க குடுத்த ஏரியாவ முழுசாப் பாக்க எனக்கு அஞ்சு விமானம் வேணும். இருக்கறது ஒண்ணு. இதச் சுருக்க வழியிருக்கா?” என்றார்.

எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன். கடலில் மிதக்கும் பொருள் இங்கும் அங்குமாக அலைகிறது. அடுத்த அடி எந்தத் திசையில் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இத்தனை நாளில் இவ்வளவு தூரத்துக்குள் என்று எல்லை போடலாம். நாள் கூடினால் எல்லையும் கூடும். சுருக்க வழியில்லை.

“கடல் அப்படி ஒரே சீரா நடக்குமா?” என்று கேட்டார். சராசரியாக நடக்கும் என்றேன்.

பிப்ரவரி 14, சனி

ஜெனோபா அழைத்தார். இன்று ஒரு தகவல்.

“இன்ஜின் நின்னா அவிய சும்மா இருக்க மாட்டாவ மேடம். வலைய மொத்தமாக் கட்டி கடல்ல இறக்கிப் போடுவாவ. பின்ன காத்து படகத் தள்ளாது. தண்ணி போற போக்குலதான் படகும் போவும். முன்னாடி ஒருக்கா அப்படித்தான் ஒம்பது நாளு கெடந்தாவ. உங்களுக்கு உதவுமான்னு தெரியல, சொல்லணும்னு தோணிச்சு.”

நன்றாகவே உதவும். காற்றுக்குக் கொடுத்திருந்த பங்கை எடுத்துவிட்டுத் திரும்ப ஓட்டினேன். கட்டம் கொஞ்சம் தெற்கே நகர்ந்தது. அளவு குறையவில்லை.

எங்கள் மிதவைகளுக்கு அடியிலும் காற்று தள்ளாமல் இருக்க நீளமான துணிக்குழாய் ஒன்று கட்டித் தொங்கவிட்டிருந்தோம். வலை இறக்கிய படகு எங்கள் மிதவையைப் போலத்தான் போகும். அப்படியே போகும்.

அரிசி களைந்து வைத்ததை மறந்துவிட்டேன். ஊறி நொய்யாகிவிட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

நாதனின் படுக்கை விரிப்புகளை மஞ்சள் தண்ணீரில் அலசி மாடியில் காயப்போட்டேன். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 16, திங்கள்

பழைய கோப்பைத் திறந்தேன். சும்மா பார்க்கத்தான்.

கடலில் விட்டது மொத்தம் நாற்பத்தொரு மிதவைகள். மூன்றைக் கணக்கிலிருந்து எடுத்திருக்கிறோம். கருவிப் பழுது என்று ஆய்வேட்டில் அடிக்குறிப்பு இருக்கிறது. பக்கம் 112. சாம்பமூர்த்தி சார் அப்போது என் நெறியாளர். அவர் சொல்லித்தான் எடுத்தது.

அந்த மூன்றும் ஒரே வட்டாரத்தில் போய் நின்றவை. குமரிமுனைக்குத் தென்மேற்கே குளிர்காலத்தில் உண்டாகும் ஒரு சுழலுக்குள். ஒன்று இருபத்துமூன்று நாள், ஒன்று முப்பத்தொன்று, ஒன்று நாற்பத்தேழு. நின்றவை என்றால் அசையாமல் இல்லை. உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. பிறகு ஒரு நாள் வெளியே விழுந்து மற்றவற்றைப் போல ஓடின.

மரிய சுடர் கடைசியாகப் பேசிய இடத்திலிருந்து அந்தச் சுழலின் விளிம்புக்கு நாற்பது கிலோமீட்டர்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெனோபா அழைத்தார். எடுக்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

நாதனுக்கு இன்று முதல் தண்ணீர். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஊற்றினேன். மெலிந்துவிட்டார். “அந்தப் படகு என்னாச்சு?” என்று கேட்டார்.

“தேடுறாங்க.”

“நீ?”

“நானும்தான்” என்றேன்.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டேன். எனக்காக மட்டும்.

முப்பத்தெட்டு மிதவைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு மிதவை ஓரிடத்தில் சிக்கி நிற்கும் நேரம் சராசரி ஒன்றே முக்கால் நாளுக்குச் சற்று மேல். மூன்றையும் சேர்த்தால் நான்கு நாளைத் தாண்டுகிறது. நாற்பத்திரண்டாவது மிதவை ஒன்று விட்டிருந்தால் அது தொண்ணூறு நாள் நின்று இந்த நான்கையும் கலைத்துப் போட்டிருக்கலாம். இத்தகைய பரவலை வால் கனத்தது என்பார்கள். பெரும்பாலானவை சட்டென்று விலகிவிடும். அபூர்வமான ஒன்றிரண்டு, மற்றவை எல்லாம் சேர்ந்து நின்ற நேரத்தைவிட அதிகம் நிற்கும். அங்கே சராசரி என்ற சொல்லே பொருளில்லாதது.

மிதக்கிற பொருளுக்கு இரண்டு கடிகாரம். ஒன்று நம் சுவரில் ஓடுவது. இன்னொன்று அதற்கே உரியது. அது சுழலுக்குள் இருக்கும்வரை அந்தக் கடிகாரம் ஓடுவதில்லை. நான் பன்னிரண்டு நாளுக்குக் கட்டத்தை விரித்துக்கொண்டே போகிறேன். படகின் கடிகாரத்தில் ஒரு நாள் கூட ஆகாமல் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட பொறியில், சிக்கி எத்தனை நாளானதோ, இன்னும் அத்தனை நாள் இருக்கும் வாய்ப்புக் கூடிக்கொண்டே போகும். இன்றோ நாளையோ வெளியே வந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை.

பழைய எண்ணை வைத்துப் பார்த்தால் படகு அந்தச் சுழலுக்குள் இருக்க நூற்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. மூன்று மிதவைகளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றில் நாற்பத்தொன்று.

இரண்டு முறை சரிபார்த்தேன்.

மூன்று மிதவையும் உண்மையிலேயே பழுதாக இருந்திருந்தால் இந்தக் கணக்குக்கு மதிப்பில்லை. அதனால் அவசரப்படக் கூடாது.

பிப்ரவரி 18, புதன்

தாமோதரன் எல்லோருக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறார். நாளை மறுநாளோடு தேடல் நிறுத்தப்படும்.

பதினோரு மணிக்கு ஜெனோபா. கோயிலுக்குப் போய்விட்டு வெளியில் நின்று பேசுகிறாராம். “இன்னைக்கு சாம்பல் புதன் மேடம். நீ மண்ணுக்குத்தான் திரும்புவன்னு சொல்லி நெத்தியில சாமியார் சாம்பல் பூச வந்தாவ. வேண்டாம்னு தலைய இழுத்துட்டேன். எல்லாரும் பாத்தாவ.” பிறகு கேட்டார்: “பதிமூணு நாளாச்சு. இனியும் இருப்பாவளா? பொய் சொல்லாண்டாம்.”

“தண்ணி இருக்குமா படகுல?”

“பதினஞ்சு நாளைக்கு உள்ள தண்ணி கொண்டு போவாவ. அதுக்கு மேல, மீனுக்குப் போடுற ஐஸ் கெடக்கும். உருகுனா குடிக்கலாம். நாறும். ஆனா குடிக்கலாம்.”

அப்படியானால் இருப்பார்கள் என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

பிற்பகல் சாம்பமூர்த்தி சாரை அழைத்தேன். ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார். பாராட்டு விழா மலரில் எங்கள் மென்பொருளுக்குத் தனிக் கட்டுரையே உண்டு.

“சார், நம்ம அந்த மூணு மிதவை ஞாபகம் இருக்கா?”

“எது? பேட்டரி போயிடுச்சுன்னு நீ எடுத்தியே, அதுவா?”

“நீங்கதான எடுக்கச் சொன்னீங்க சார்?”

“நான் சோதிச்சுப் பாத்தியான்னு கேட்டேன். பாத்தேன், பழுதுதான்னு சொன்ன. அப்ப எடுத்துடும்மான்னேன். ஏன், இப்ப என்ன?”

“ஒண்ணுமில்ல சார். சும்மாதான்.”

அவர் சொன்னது சரி. சோதித்துப் பார்த்தேனா என்று கேட்டார். பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. மூன்றையும் சேர்த்தால் கணக்கு எதற்கும் பொருந்தவில்லை. நான் சோதிக்கவில்லை. சோதித்தேன் என்றேன்.

இல்லை. இங்கேயாவது சரியாக எழுதுகிறேன். சோதித்தேன். பேட்டரி, வெப்பமானி, துணிக்குழாய் உணரி, எல்லாம் கடைசி நாள்வரை ஒழுங்காக வேலை செய்திருந்தன. பழுது எதுவும் இல்லை. அது எனக்கு அன்றே தெரியும்.

பிப்ரவரி 19, வியாழன்

காலை பத்து மணிக்குத் தாமோதரனை அழைத்தேன்.

“சார், நான் குடுத்துட்டிருந்த கட்டம் தப்பு.”

“எவ்வளவு தப்பு?”

“படகு தூரத்துக்குப் போயிருக்கணும்னு இல்ல. இன்ஜின் நின்ன இடத்துக்குப் பக்கத்துல ஒரு சுழல் இருக்கு. அதுக்குள்ளயே சுத்திட்டிருக்கலாம். நூத்துக்கு நாப்பது.”

“அந்தப் பக்கம் முதல் ரெண்டு நாள் பாத்தமே.”

“வடக்கு ஓரந்தான் பாத்தோம் சார். நான் குடுத்த கட்டமே அவ்வளவுதான். தெற்குப் பாதியப் பாக்கவே இல்ல.”

அவர் ஏதோ எழுதும் சத்தம் கேட்டது. என் எண் எதனால் தப்பு என்று சொன்னேன். மூன்று மிதவைகளை நானே நீக்கியதைச் சொன்னேன். நல்ல கருவிகள் என்று தெரிந்தே நீக்கியதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?”

“இப்பத்தான் சார். காலையில.”

விமானத்தை நாளைக்குத் திருப்புவதாகச் சொன்னார். கப்பல் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும்.

பிறகு சாம்பமூர்த்தி சாரிடமும் சொன்னேன். “எட்டு வருஷமா எத்தன படகுக்கு இத ஓட்டியிருக்கோம், உலகு?” என்று மட்டும் கேட்டார். என் முழுப் பெயர் உலகம்மாள். கோபத்தில் அதைத்தான் சொல்வார். இன்று சொல்லவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

இல்லை. விமானம் நான்கு மணிநேரம் சுற்றியது. எதுவும் இல்லை. மூடுபனி என்கிறார்கள்.

நாளை ஒருநாள் மட்டும் என்று தாமோதரன் மேலிடத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார். பல் விளக்கினேனா என்று நினைவில்லை. நாதன் எழுந்து வந்து அவரே தோசை ஊற்றி எனக்கும் ஒன்று வைத்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, கொப்புளம் காய்ந்த கையால் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

பிப்ரவரி 21, சனி

9.52. தாமோதரன்: “பாத்துட்டோம். தெற்கு விளிம்பு. படகு மேல ஆள் நிக்கறாங்க, துணி ஆட்டறாங்க.”

இன்ஜின் நின்ற இடத்திலிருந்து அறுபத்தெட்டு கிலோமீட்டர். பதினாறு நாளில் அவ்வளவுதான்.

நாதனை எழுப்பிச் சொன்னேன்.

மாலை ஐந்து மணி. கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆறு பேரை ஏற்றியிருக்கிறார்கள். ஏழாவது ஆள் ததேயு, முப்பத்துநான்கு வயது. ஐஸ் தண்ணீர் குடித்ததில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு நாலு நாளாகக் கிடந்திருக்கிறார். நேற்று விடிகாலையில் இறந்துவிட்டார். உடலைப் படகிலேயே வைத்திருந்தார்கள்.

நேற்று விடிகாலையில்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கோப்பைத் திறந்தது பதினாறு. சொன்னது பத்தொன்பது. சொன்ன பிறகு கண்டுபிடிக்க இரண்டு நாள். பதினாறாம் தேதியே சொல்லியிருந்தால் பதினெட்டு.

பதினெட்டாம் தேதி அவர் உயிரோடு இருந்தார்.

மூடுபனி, விமானம், கப்பல் என்று இதற்கு எதிராக எத்தனையோ சொல்லலாம். காலையிலிருந்து எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 23, திங்கள்

சாம்பமூர்த்தி சார் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மை வீடு என்று வாசலிலேயே நின்று பேசினார். விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். மிதவையை நீக்கியதை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம், நெறியாளர் என்ற முறையில் தானும் பொறுப்பேற்பதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆனா ஒண்ணு. பத்தொன்பதாம் தேதி கண்டுபிடிச்ச, அன்னைக்கே சொன்ன. அத அப்படியே எழுது. அதுதான நடந்தது?”

வாசலில் வாடிப்போயிருந்த வேப்பிலையை உருவி எடுத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “ஆறு பேர் வந்திருக்காங்கம்மா, அத நெனச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஜெனோபா அழைத்தார். குரலே வேறாக இருந்தது. சேசடிமைக்குக் குளுக்கோஸ் ஏற்றி நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். “மேடம்னு இனி விளிக்க மாட்டேன். மக்ளே, நீ நல்லா இருக்கணும். கணக்கு மாத்திப் போட்டது நீதான்னு அந்த ஆபீசர் சொன்னாவ.”

“அக்கா, அந்தக் கணக்கு எனக்குப் பதினாறாம் தேதியே தெரியும்.”

“என்னது?”

“பதினாறாம் தேதி நீங்க போன் பண்ணீங்க. நான் எடுக்கல. அப்பவே தெரியும். முன்னாடி நான் பண்ணுன தப்பு வெளிய வந்துடும்னு மூணு நாள் சொல்லாம இருந்தேன்.”

எதிர்முனையில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“ததேயுக்க பொஞ்சாதி ஷைனி எங்க தெருவுதான்” என்றார் கடைசியில். “இத எனக்கிட்ட சொல்லிட்டுப் போனா முடியாது. அவகிட்ட நீ வந்து சொல்லணும். எனக்க மாப்பிள வந்துட்டாவ, அதனால நான் உனக்கு நல்லது சொல்லலாம். அவ சொல்ல மாட்டா. ஆனாலும் வரணும். நான் கூட வாறேன்.”

பிப்ரவரி 26, வியாழன்

குழுவுக்கு எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். நாள்: பிப்ரவரி 16, பிற்பகல். இந்தக் குறிப்பேட்டின் அந்தப் பக்கங்களையும் படியெடுத்து இணைத்தேன். தாமோதரனுக்குத் தனியாக: “அன்று நீங்கள் கேட்டதற்கு நான் சொன்னது பொய்.”

ஒரு வரியில் பதில் வந்தது. பெற்றுக்கொண்டதாக.

பட்டம் போகும் என்கிறார் வசுமதி. வேலையும் போகலாம். மென்பொருளை நிறுத்திவிட்டார்கள். நாற்பத்தொன்றையும் வைத்து வேறொருவர் திரும்பக் கணக்குப் போடுகிறார்.

மார்ச் 3, செவ்வாய்

ரயிலில் நாகர்கோவில். அங்கிருந்து பஸ். நிறுத்தத்தில் ஜெனோபா நின்றிருந்தார். குரலை வைத்துப் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் வந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கையிலிருந்த பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஷைனி வீட்டில் இன்னும் பந்தல் பிரிக்கவில்லை. முன்னறையில் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். ஜெனோபா, “இவியதான் மெட்ராஸ்ல இருந்து. உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்” என்றார்.

சொன்னேன். ரயிலில் எப்படியெல்லாமோ யோசித்து வைத்திருந்தேன். அங்கே நான்கு வாக்கியம்தான் வந்தது. படகு எங்கே இருக்கும் என்று பதினாறாம் தேதி எனக்குத் தெரியும். பத்தொன்பதாம் தேதிதான் சொன்னேன். முன்பே சொல்லியிருந்தால் பதினெட்டாம் தேதி போயிருப்பார்கள். உங்கள் கணவர் பிழைத்திருக்கக்கூடும்.

அவர் அழவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“அந்த மூணு நாளும் நீங்க என்ன செஞ்சிட்டிருந்திய?”

எத்தனையோ பதில் இருந்தது. கணக்கைச் சரிபார்த்தேன் என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான்.

“பயந்துகிட்டிருந்தேன்” என்றேன்.

ஷைனி என் முகத்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தார்.

“அவியளும் அதத்தான் செஞ்சிட்டிருந்திருப்பாவ” என்றார்.

பிறகு எழுந்து உள்ளே போனார். நாங்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். அவர் திரும்பி வரவில்லை.